டவுன்ஸ்வில்லில் படிக்க வருகிறவர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

ஆஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்தின் வடக்குக் கடலோரத்தில் இருக்கிறது டவுன்ஸ்வில். இங்கே ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தில் மூன்று வருடமாகப் படிக்கிறேன். சொந்த ஊர் தூத்துக்குடி. அடுத்து வரப்போகிற பிள்ளைகளும் அவர்கள் வீட்டாரும் கேட்டதற்கெல்லாம், எனக்குத் தெரிந்த வரை இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, காலேஜ் கடற்கரையிலேயே இருக்கிறதா? பீச் பக்கமாக ரூம் பார்க்கலாமா? (மதுரையிலிருந்து ஒரு தம்பி)

விளம்பரப் படத்தைப் பார்த்து நானும் அப்படித்தான் நினைத்தேன். வளாகம் டக்ளஸ் என்ற பகுதியில், மவுண்ட் ஸ்டூவர்ட் மலையடிவாரத்தில் இருக்கிறது. ஸ்ட்ராண்ட் கடற்கரைக்கு அங்கிருந்து சுமார் 13 கிலோமீட்டர். படிப்புக்காக வருகிறீர்கள், அதனால் ரூமை வளாகத்துக்குப் பக்கத்திலேயே பாருங்கள். கடலுக்கு பஸ்ஸில் போய்க்கொள்ளலாம். 2024 ஆகஸ்டிலிருந்து குயின்ஸ்லாந்து அரசு பஸ்களில் எவ்வளவு தூரம் போனாலும் 50 சென்ட்தான். ஆனால் ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் பஸ் குறைவு. மாலை வேலைக்கு ஒப்புக்கொள்வதற்கு முன் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்துவிடுங்கள்.

ஊரிலிருந்தே யாருக்கும் அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். முதல் இரண்டு வாரத்துக்குத் தற்காலிகமாக ஓர் இடம் பிடித்துக்கொண்டு, வந்து நேரில் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். இங்கே அட்வான்ஸை ‘பாண்ட்’ என்பார்கள். பொதுவாக நான்கு வார வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது. அந்தப் பணம் மாநில அரசின் வாடகைதாரர் ஆணையத்தில் கட்டப்பட வேண்டும். கட்டியதற்கான ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

நான் ராமேஸ்வரத்துப் பையன், நன்றாக நீந்துவேன். கடலில் தாராளமாக இறங்கலாம்தானே?

தம்பி, இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள். நம் கடலை வைத்து இந்தக் கடலை எடை போடாதீர்கள்.

நான் வந்த வருடம் நவம்பரில், பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு ஸ்ட்ராண்டில் இறங்கி நின்றேன். தண்ணீர் குளம்போல அசையாமல், வெதுவெதுப்பாக இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மா எழுந்து ஓடி வந்து, “வெளியே வா, வெளியே வா” என்று கையை ஆட்டினார். எனக்குப் பின்னாலேயே மஞ்சள் எச்சரிக்கைப் பலகை இருந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. எங்கள் ஊர்க் கடலில் சொறி, அதாவது ஜெல்லிமீன், பட்டால் அரிக்கும், கொஞ்சம் எரியும், அதோடு போய்விடும். இங்கே இருக்கும் பெட்டிச் சொறி, அதாவது பாக்ஸ் ஜெல்லிமீன், சில நிமிடத்திலேயே ஆளைக் கொல்லக்கூடியது. இருகாஞ்சி என்று இன்னொன்று உண்டு, விரல் நகம் அளவுதான் இருக்கும். பட்ட இடத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது. அரை மணி நேரம் கழித்து முதுகுவலி, வாந்தி, வியர்வை என்று ஆரம்பிக்கும்.

நவம்பர் முதல் மே வரை அவற்றின் காலம். அந்த மாதங்களில் வலை கட்டிய இடத்துக்குள், சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும் இறங்குங்கள். வலைக்குள்ளும் உடம்பை மூடும் லைக்ரா உடை போட்டுக்கொள்வது நல்லது, ஏனென்றால் இருகாஞ்சி வலைக்கண் வழியாகவே நுழைந்துவிடும். நிம்மதியாக நீந்த வேண்டுமென்றால் ஸ்ட்ராண்டின் கோடியில் இருக்கும் ராக்பூல் குளத்துக்குப் போங்கள். கடல்நீர்தான், வருடம் முழுக்க நீந்தலாம், கட்டணம் கிடையாது.

யாருக்காவது பட்டுவிட்டால் உடனே கரையேற்றி அவசர உதவி எண்ணான 000-க்குப் போன் செய்யுங்கள். கடற்கரையில் கம்பத்தில் வினிகர் பாட்டில் வைத்திருப்பார்கள். குறைந்தது 30 விநாடி விடாமல் ஊற்றுங்கள். அது வலியைக் குறைக்காது. தோலில் ஒட்டியிருக்கும் இழைகளில் இன்னும் வெடிக்காமல் இருக்கும் நச்சுப்பைகள் வெடிக்காமல் தடுக்கும். மணல் போட்டுத் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரும் ஊற்றாதீர்கள். ஆற்று முகத்துவாரம், கழிமுகம் பக்கம் எந்த மாதத்திலும் கால் வைக்கவே வேண்டாம். அங்கே முதலை இருக்கும்.

ஹாஸ்டலில் முதல் ராத்திரி. வெளியே ஒரு பெண் கதறி அழுவதுபோலச் சத்தம். யாரிடம் சொல்வது? (வந்து இரண்டு நாளான தங்கை)

பயப்படாதேம்மா, அது பறவை. கர்லூ என்பார்கள். நம் ஊரில் கண்கிலேடி என்று சொல்வார்களே, அதன் இனம்தான். குச்சிக் கால், பெரிய மஞ்சள் கண். பகலில் நூலகத்துக்குப் போகிற வழியில் புதரடியில் கல்லாகச் சமைந்து நிற்கும், பக்கத்தில் போனாலும் அசையாது. வளாகத்தில் நிறைய உண்டு. ஒரு வாரத்தில் காது பழகிவிடும்.

கொசு அதிகமா? டெங்கு வருமா? (திருநெல்வேலியிலிருந்து ஒரு அப்பா)

கொசு உண்டுங்க ஐயா. ஆனால் டெங்கு விஷயத்தில் இந்த ஊர் ஒரு பெரிய காரியம் செய்திருக்கிறது. 2014-லிருந்து வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவை, டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குள் செலுத்தி, அந்தக் கொசுக்களை ஊர் முழுக்க விட்டார்கள். அந்த பாக்டீரியா உள்ளே இருந்தால் டெங்கு வைரஸால் கொசுவுக்குள் பெருக முடியாது. ஒரு நகரம் முழுவதற்கும் இதைச் செய்தது உலகிலேயே இங்கேதான் முதலில். உள்ளூரில் டெங்கு பரவுவது அதோடு ஏறக்குறைய நின்றுபோனது.

அதற்காகக் கொசு மருந்து பூசாமல் இருக்க முடியாது. ராஸ் ரிவர் என்று ஒரு காய்ச்சல் இருக்கிறது, இந்த ஊர் ஆற்றின் பெயரேதான் அதற்கு. மூட்டுவலி வாரக்கணக்கில் படுத்தும். இன்னொன்று, மழைக்காலத்தில் சேற்றில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம் என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். மெலியாய்டோசிஸ் என்ற தொற்று மண்ணிலிருந்து வரும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அது ரொம்ப ஆபத்து.

பார்ட் டைம் வேலை கிடைக்குமா? எவ்வளவு சம்பளம்? (பலர்)

கிடைக்கும். முதியோர் இல்லம், சூப்பர் மார்க்கெட், ஹோட்டல், துப்புரவு. ஆனால் முதல் மாதமே கிடைக்கும் என்று நம்பிக் கையில் காசில்லாமல் வராதீர்கள். வகுப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் அனுமதி. விடுமுறையில் வரம்பு இல்லை. 2025 ஜூலை முதல் பெரியவர்களுக்கான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலர். ‘கேஷுவல்’ ஆள், அதாவது நிரந்தரமில்லாமல் தேவைப்படும்போது மட்டும் கூப்பிடும் ஆள் என்றால் அதோடு 25 சதவீதம் கூட்டித் தர வேண்டும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதல் வேலை ஒரு சாப்பாட்டுக் கடையில். பேசியது மணிக்கு 15 டாலர், அதுவும் கணக்கில் காட்டாமல் ரொக்கமாகக் கையில். பாத்திரம் கழுவிக் கழுவி விரல் இடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. நான்கு மாதம் வாயைத் திறக்கவில்லை, விசாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். அந்த பயத்தை வைத்துத்தான் இப்படிப்பட்ட முதலாளிகள் பிழைக்கிறார்கள். ஃபேர் வொர்க் ஆம்புட்ஸ்மன் என்ற அரசு அலுவலகத்தில் முறையிடலாம், தமிழில் பேச மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம். முறையிடும் மாணவர்களின் விசாவைப் பாதுகாக்கத் தனி ஏற்பாடே இருக்கிறது. வேலை செய்த நாள், நேரம் எல்லாவற்றையும் போனில் குறித்துவையுங்கள். அந்தக் குறிப்பை வைத்துத்தான் என் பாக்கிப் பணத்தைக் கேட்டு வாங்கினேன்.

என்னென்ன கட்டி எடுத்து வரலாம்? (கோவையிலிருந்து)

பொடி வகை, புளி, குக்கர். பச்சைக் கறிவேப்பிலையும் பால்கோவாவும் வேண்டாம். உணவுப் பொருள் எதுவானாலும் விமானத்தில் தரும் அட்டையில் ‘ஆம்’ என்று எழுதிவிடுங்கள். எழுதிக் காட்டினால் அதிகம் போனால் பொருளை எடுத்துக்கொள்வார்கள். மறைத்தால் அபராதம், விசாவே ரத்தாகவும் கூடும். கறிவேப்பிலைக்குக் கவலை வேண்டாம், இங்கே கொல்லையில் செழித்து வளர்கிறது. இந்த வெக்கைக்கு இட்லி மாவும் ஒரே ராத்திரியில் பொங்கிவிடும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இரவில் குளிரும், ஒரு ஸ்வெட்டர் வையுங்கள்.

புயல் வருமா?

நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். 2019 பிப்ரவரியில் புயலே இல்லாமல் மழை மட்டும் நாள்கணக்கில் கொட்டி, ராஸ் ரிவர் அணையின் மதகுகளை முழுதாகத் திறந்து, வீடுகள் மூழ்கின. ரூம் பார்க்கும்போது 2019-ல் அந்தத் தெருவில் தண்ணீர் ஏறியதா என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். டார்ச், பவர் பேங்க், மூன்று நாளுக்குக் குடிநீர், அவல், பாஸ்போர்ட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை. இவ்வளவும் எப்போதும் தயாராக இருக்கட்டும்.

மகள் போய் ஆறு மாதம் ஆகிறது. போன் செய்தால் முகம் கொடுத்தே பேசுவதில்லை. (தஞ்சாவூரிலிருந்து ஒரு அம்மா)

அம்மா, நீங்கள் எத்தனை மணிக்குக் கூப்பிடுகிறீர்கள்? இங்கே நான்கரை மணி நேரம் முன்னால் போகிறது. வேலையெல்லாம் முடித்து ஒன்பதரைக்கு நீங்கள் கூப்பிட்டால், இங்கே நடுராத்திரி இரண்டு மணி. மதியம் இரண்டரைக்குக் கூப்பிட்டுப் பாருங்கள், அவளுக்கு மாலை ஏழு. வகுப்பு அட்டவணையைக் கேட்டு வாங்கி அடுக்களையில் ஒட்டிவையுங்கள். நானும் எங்கள் அம்மாவும் ஞாயிறு தோறும் சேர்ந்து சமைப்போம். போனை அரிசி டப்பாவில் சாய்த்துவைத்துவிட்டு அங்கே அவர் குழம்பு வைப்பார், இங்கே நான் வைப்பேன். பாதி நேரம் பேச்சே இருக்காது. வெங்காயம் இன்னும் வதங்கவில்லை, தீயைக் குறை என்று நடுநடுவே சொல்வார்.