இஸ்லாமிய உளவியல்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

உளவியல் வகுப்பெடுப்பவன், பழைய அரபு நூல்களில் கொஞ்சம் கிறுக்கு உள்ளவன். கேள்விகளைச் சுருக்கிப் போட்டிருக்கிறேன்.

கேள்வி: பாய், எண்ணங்களைத் திருத்திக் குணப்படுத்தும் சிபிடி சிகிச்சையை ஆயிரம் வருஷம் முன்பே நம்மவர்கள் கண்டுபிடித்ததாக வாட்ஸப்பில் சுற்றுகிறதே, நிஜமா?

பாதி நிஜம். இன்றைய ஆப்கானிஸ்தானின் வடக்கே பல்க் பகுதியில் பிறந்து 934இல் இறந்த அபூ ஸைத் அல்பல்கி, ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ என்று ஒரு நூல் எழுதினார். முதல் பாதி உடம்புக்கு, அதாவது சாப்பாடு, தூக்கம், குளியல் எல்லாம். இரண்டாம் பாதி மனசுக்கு. ஆனால் அதன் கையெழுத்துப் பிரதிகள் இஸ்தான்புல் ஆயா சோஃபியா நூலகத்தில் கிடந்தன, 1984இல்தான் ஃபிராங்க்ஃபர்ட்டில் நகலச்சாக வெளிவந்தது. அதற்குள் சிபிடி உலகம் முழுக்கப் பரவிவிட்டது. அதனால் ‘நம்மிடமிருந்து திருடினார்கள்’ என்று எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது, திருட ஒருத்தர் கண்ணிலாவது பட்டிருக்க வேண்டாமா? இப்படிப் பெருமை பேசுவதிலேயே நின்றுவிடுகிறோம், நூலுக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

கேள்வி: சரி, அப்படி உள்ளே என்னதான் இருக்கிறது?

நல்லவேளை கேட்டீர்கள். மனசின் தொல்லைகளை நான்காகப் பிரிக்கிறார்: கோபம், துக்கம், பயம், வஸ்வாஸ் (விடாமல் திரும்பத் திரும்ப வந்து நச்சரிக்கும் எண்ணம்). உடம்பு நோய் வராமல் ஒருவன் நீண்ட காலம் ஓட்டிவிடலாம், மனசின் தொல்லையோ தினமும் ஏதாவது ஒரு வடிவில் வந்துகொண்டேதான் இருக்கும், அப்படியிருந்தும் வைத்தியர்கள் உடம்பை மட்டுமே எழுதுகிறார்களே என்பது அவருடைய ஆதங்கம். எனக்கு ரொம்பப் பிடித்தது துக்கத்தைப் பற்றிய பகுதி. இழப்பு மாதிரி காரணம் தெரிந்த துக்கம் ஒன்று, காரணமே தெரியாமல் நெஞ்சை அமுக்கும் துக்கம் இன்னொன்று என்கிறார். இரண்டாவதற்கு வேர் உடம்பில், ரத்தத்தில் இருக்கிறது, அதனால் அதற்கு உடம்புக்கான மருந்து வேண்டும், கூடவே இதமான பேச்சும் இசையும் உதவும் என்கிறார். ‘ஈமான் (இறைநம்பிக்கை) பலவீனம்’ என்று அவர் சொல்லவில்லை, கவனியுங்கள்! அப்புறம் இன்னொன்று: மனசு தெளிவாக இருக்கும்போதே நல்ல எண்ணங்களைச் சேர்த்து வைத்துக்கொள், முதலுதவி மருந்தை வீட்டில் வாங்கி வைப்பது போல, கலக்கம் வரும்போது எடுத்துக்கொள்ளலாம் என்கிறார். வஸ்வாஸ் உள்ளவனைத் தனியாக விடாதே, ஆட்களோடு இருக்க வை, வேலை கொடு என்றும் எழுதியிருக்கிறார்.

கேள்வி: எங்கள் அம்மா உளூ (தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவுவது) செய்ய உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மாட்டார், கழுவிக்கொண்டே இருப்பார். இது ஷைத்தான் வேலையா, நோயா?

பாக்தாதில் இப்னு அகீல் என்ற அறிஞர் இருந்தார், 1119இல் இறந்தவர். அவரிடம் ஒருவர் வந்து, ‘தண்ணீரில் பலமுறை மூழ்குகிறேன், நனைந்தேனா என்று சந்தேகம் தீரவில்லை’ என்றாராம். ‘போ, உனக்குத் தொழுகை கடமையே இல்லை’ என்றார் இவர். ஏன் என்று கேட்டதற்கு, புத்தி பேதலித்தவன் மீது எழுதுகோல் உயர்த்தப்பட்டுவிட்டது, அதாவது அவன் செய்வது கணக்கில் எழுதப்படாது என்று ஹதீஸ் (நபிமொழி) இருக்கிறது, மூழ்கியவனே நனைந்தேனா என்று கேட்டால் வேறென்ன சொல்ல என்றாராம். இதை அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள், புண்பட்டுவிடுவார். மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. பெயர் என்ன வைத்தாலும் சிகிச்சை சிகிச்சைதான்.

கேள்வி: பழைய காலத்து மருத்துவர் இப்னு சீனாவின் மாட்டுக் கதை நிஜமா?

தன்னை மாடு என்று நம்பி, அறுத்துவிடுங்கள் என்று கத்திக்கொண்டு சாப்பிடாமல் கிடந்த இளவரசன். இப்னு சீனா கசாப்புக்காரர் போல வந்து தடவிப் பார்த்து, ‘மெலிந்த மாடு, கொழுக்க வையுங்கள்’ என்றதும் அவன் சாப்பிட ஆரம்பித்த கதைதானே. அருமையான கதை, ஆனால் இப்னு சீனா இறந்து (1037) நூறு வருஷத்துக்கு மேல் கழித்து நிஸாமி அரூஸி என்ற பாரசீக எழுத்தாளர் எழுதியது. இப்னு சீனாவே ‘கானூன்’ என்ற தன் மருத்துவ நூலில் எழுதியது வேறு: காதல் நோயாளியின் நாடியைப் பிடித்துக்கொண்டு பெயர்களையும் தெருக்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, எங்கே நாடி தடுமாறுகிறது என்று பார்ப்பது.

கேள்வி: நானா, இமாம் கஸ்ஸாலி இதில் எங்கே வருகிறார்? (கண்டியிலிருந்து)

மார்க்க அறிஞரான கஸ்ஸாலி 1095இல் பாக்தாதில் புகழின் உச்சியில் இருந்தபோது அவருக்கே நா எழவில்லை, சாப்பாடு இறங்கவில்லை. கோளாறு கல்பிலிருந்து (உள்ளத்திலிருந்து) வருகிறது என்று வைத்தியர்கள் கைவிட்டதை அவரே எழுதியிருக்கிறார். அவருடைய பெருநூலான ‘இஹ்யா’வின் 21ஆம் நூல் முழுக்க கல்பைப் பற்றியது, அதைப் படித்துப் பாருங்கள்.

கேள்வி: அந்தக் காலத்தில் மனநோயாளிகளுக்கு இசை வைத்தார்களாமே? நம் ஊரில் சங்கிலிதானே?

துருக்கியின் எதிர்னேயில் 1488இல் முடிந்த சுல்தான் பாயஸீத் மருத்துவமனைக்கு வாரம் மூன்று நாள் இசைக் கலைஞர்கள் பத்துப் பேர் வந்து வாசித்ததாக 17ஆம் நூற்றாண்டுப் பயணி எவ்லியா செலெபி எழுதியிருக்கிறார். அங்கேயும் முரண்டு பிடித்தவர்களைச் சங்கிலியில் கட்டினார்கள், அதை மறைக்க வேண்டாம். ராமநாதபுரம் ஏர்வாடியின் மனநலக் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டிக்கிடந்த 28 பேர் தீயில் கருகியதும் நம் கண்முன் நடந்ததுதான். இந்தியாவின் 2017 மனநலச் சட்டம் சங்கிலியை அடியோடு தடை செய்கிறது. ஓதிப் பார்க்க யாரும் தடை சொல்லவில்லை, மாத்திரையை நிறுத்திவிட்டு ஓதச் சொல்கிறவரிடம் போகாதீர்கள்.

கேள்வி: இஸ்லாமிய உளவியல் தனித் துறையாக எப்போது ஆனது?

சூடானின் மாலிக் பத்ரி (1932–2021) பெயரைத்தான் சொல்ல வேண்டும். பெய்ரூட்டிலும் இங்கிலாந்தின் லெஸ்டரிலும் படித்தவர். உங்களுக்கு முன் இருந்த சமூகத்தார் உடும்புப் பொந்துக்குள் நுழைந்தாலும் நீங்களும் பின்னாலேயே போவீர்கள் என்ற ஹதீஸை எடுத்துக்கொண்டு, 1975இல் முஸ்லிம் உளவியலாளர்களை ஒரு பிடி பிடித்தார். ஃப்ராய்டை அப்படியே விழுங்குகிறீர்களே என்பதுதான் கோபம். ஆனால் மேற்கத்திய நடத்தைச் சிகிச்சையை அவரே பயன்படுத்தியவர், வேலைக்கு ஆவதை வைத்துக்கொள் என்ற கட்சி. சர்வதேச இஸ்லாமிய உளவியல் சங்கத்தை நிறுவியவரும் அவரே.

கேள்வி: எதிலிருந்து படிக்க ஆரம்பிக்கலாம்?

பல்கியின் மனசுப் பகுதியை அதே பத்ரி ஆங்கிலத்தில் கொண்டுவந்திருக்கிறார், 2013. ஒல்லிப் புத்தகம். கோபத்தைப் பற்றிய அத்தியாயத்தை முதலில் எடுங்கள்.