ரேஷன் அரிசியும் ஓட்டும்: கேள்வி பதில்

கேள்வி: கார் வைத்திருப்பவருக்கும் விலையில்லா அரிசி எதற்கு, ஐயா? ஏழைகளுக்கு மட்டும் கொடுத்தால் செலவு குறையாதா?

பதில்: செலவு குறையும், விடுபட்டுப் போகும் ஏழைகளும் பெருகுவார்கள். 1997இல் மத்திய அரசு குடும்பங்களை வறுமைக் கோட்டுக்கு மேல், கீழ் என்று பிரித்தபோது, தமிழ்நாடு அதை ஏற்காமல் எல்லோருக்கும் பொதுவான முறையையே தொடர்ந்தது. அரிசி வேண்டாதவர் சர்க்கரை அட்டை வாங்கிக்கொள்ளலாம். வசதியுள்ளவர்கள் பலர் வரிசையில் நிற்பதுமில்லை. கணக்கேட்டில் வராத இன்னொரு பயனும் உண்டு. ஓய்வுபெற்ற ஆசிரியரும் கூலித் தொழிலாளியும் ஒரே கடையில் வாங்கும்வரை, எடை குறைந்தால் தட்டிக்கேட்க ஆள் இருக்கும். ஏழைகளுக்கென்றே ஒதுக்கிய கடையில் புழுத்த அரிசி வந்தால் அவர்களின் மனுவை யார் மதிப்பார்கள்? 2016 நவம்பரில் மத்திய அரசின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தை நடைமுறைப்படுத்தியபோதும், கூடுதல் செலவைத் தானே ஏற்று மாநில அரசு இம்முறையைக் காத்தது.

கேள்வி: எல்லாமே ஓட்டுக்காகத்தானே?

பதில்: ஆம், அதில் மறைக்க என்ன இருக்கிறது? 1967 தேர்தலில் ‘ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்’ என்றது தி.மு.க. வென்றபின் அந்த ஒரு படியும் நிதி நெருக்கடியால் சென்னை, கோவை நகரங்களைத் தாண்டவில்லை. ஆனால் அரிசி விலைக்கு ஆட்சியே பொறுப்பு என்ற எண்ணம் வாக்காளரிடம் ஊன்றிவிட்டது. 1982இல் எம்.ஜி.ஆர். விரிவுபடுத்திய சத்துணவை 1989இல் வந்த தி.மு.க. ஆட்சி நிறுத்தாமல் முட்டையும் சேர்த்தது. கட்சிகளுக்கிடையே போட்டி இல்லையென்றால் அந்த முட்டை வந்திருக்காது என்பது என் கருத்து.

கேள்வி: பிறகு மகளிர் உரிமைத் தொகைக்கு மட்டும் ஏன் நிபந்தனைகள்?

பதில்: ரொக்கத்தை வேண்டாமென்று தாமாக விலகுபவர் அரிது. ஆகவே, 2023இல் தொடங்கிய அத்திட்டத்தில் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய், ஆண்டு மின்நுகர்வு 3,600 யூனிட் என வரம்புகள் வைத்தார்கள்.

கேள்வி: அப்படியானால் ஏற்றத்தாழ்வு தீர்ந்துவிட்டதா?

பதில்: பசி தணிந்தது, சொத்து கைமாறவில்லை. அரிசியைக் கருவூலத்திலிருந்து கொடுத்துவிடலாம். நிலத்தை இன்னொருவரிடமிருந்து எடுத்தாக வேண்டும், அவருக்கோ எல்லாக் கட்சியிலும் செல்வாக்கு இருந்தது. குத்தகை விவசாயிகள் திரண்டிருந்த கேரளம் 1970இல் அவர்களை உடைமையாளர்களாக்கியது. அதே ஆண்டில் இங்கே ஒரு குடும்பம் வைத்திருக்கக்கூடிய நிலத்தின் உச்சவரம்பு 30 தர ஏக்கரிலிருந்து (நிலத்தின் தரத்தைக் கொண்டு கணக்கிடும் ஏக்கர்) 15ஆகக் குறைந்தபோதும், விலக்குகளும் பினாமிப் பதிவுகளும் சட்டத்தை வலுவிழக்கச் செய்தன. ஒரு படி அரிசி வாக்குறுதிக்கு இரண்டு ஆண்டுகூட ஆகாத நிலையில், 1968 டிசம்பர் 25 அன்று, நிலவுடைமையாளர்களிடம் அரைப்படி நெல் கூடுதல் கூலி கேட்டுப் போராடிய குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் கீழ்வெண்மணியில் எரித்துக் கொல்லப்பட்டார்கள்.