ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் தேதி மாறுகிறதா?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் ஆறு கம்ப்யூட்டர்கள் ஒரே நெட்வொர்க்கில் உள்ளன. பில்லிங் சாஃப்ட்வேரிலிருந்து எடுக்கும் சிஎஸ்வி ஃபைலை எக்செலில் திறந்தால் ஐந்தில் தேதி சரியாக வருகிறது. ஒன்றில் மட்டும் ஜூலை 5 என்பது மே 7 ஆகிவிடுகிறது. ஜூலை 25 மாறுவதில்லை. எக்செலை மறுபடி இன்ஸ்டால் செய்தும் பயனில்லை. வைரஸாக இருக்குமோ?
– வாசகி, ஈரோடு

பதில்: வைரஸ் இல்லை. அந்தக் கம்ப்யூட்டரில் விண்டோஸின் ரீஜன் செட்டிங் அமெரிக்க முறையில் இருக்கிறது. எக்செல் அதைப் பார்த்துத்தான் தேதியைப் படிக்கும் என்பதால், எக்செலை எத்தனை முறை மாற்றிப் போட்டாலும் பிரச்சினை தீராது.

சிஎஸ்வி ஃபைலில் இருப்பது வெறும் எழுத்து. 05/07/2024 என்பதை அமெரிக்க முறை மே 7 என்று எடுத்துக்கொள்ளும். 25/07/2024 வந்தால் 25-வது மாதம் கிடையாதே! அதைத் தேதியாக்காமல் எழுத்தாகவே விட்டுவிடும். தேதி இருக்கும் நெடுவரிசையைச் (column) சற்று அகலப்படுத்திப் பாருங்கள்: மாறியவை செல்லின் வலப்பக்கமும் மாறாதவை இடப்பக்கமும் ஒட்டி நிற்கும். இடப்பக்கம் நிற்பவற்றையும் நம்பாதீர்கள். ஏறுவரிசையில் அடுக்கினால் (sort) அவை அடியில் போய்விடும். நாளும் மாதமும் இடம் மாறி, ஒரு வருடத்தில் 132 தேதிகள் சத்தமில்லாமல் தப்பாகும். ஜிஎஸ்டி கணக்கில் பில் வேறு மாதத்துக்குப் போய்விடும், தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொரு அடையாளமும் உண்டு: மற்றவற்றில் 12,50,000 என்று தெரியும் தொகை அதில் 1,250,000 என்று தெரியும்.

எக்செலை மூடிவிட்டு, கன்ட்ரோல் பேனலில் ரீஜன் திறந்து, ஃபார்மேட்ஸ் பகுதியில் இங்கிலீஷ் இந்தியா என்று மாற்றுங்கள். இது யூசருக்கு யூசர் தனி செட்டிங். அதே கம்ப்யூட்டரில் வேறு லாகின் இருந்தால் அதிலும் மாற்ற வேண்டும்.

ஏற்கெனவே எக்செல் ஃபைலாக சேவ் செய்தவை இதனால் சரியாகாது. எக்செல் தேதியை ஒரு எண்ணாகத்தான் சேமிக்கும்; ஜூலை 5-க்குரிய 45478 என்ற எண்ணுக்குப் பதில் மே 7-க்குரிய 45419 உள்ளே பதிந்துவிட்டது. அதை எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் மே 7தான். மூல சிஎஸ்வியை மறுபடி எடுத்துத் திறப்பதே பாதுகாப்பு.

கேள்வி: ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் காலையில் எந்த இணையதளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பற்றது என்று வருகிறது. சில நேரம் சர்வர் ஃபோல்டரும் திறப்பதில்லை. ஏன்?
– வாசகர், மதுரை

பதில்: முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால் மதர்போர்டு பேட்டரி தீர்ந்துவிட்டது. இரவில் மெயின் சுவிட்சை அணைக்கும் அலுவலகங்களில் இது அடிக்கடி நடக்கும். தேதி பொருந்தாததால் தளங்களின் சான்றிதழை பிரவுசர் ஏற்காது. எல்லா லாகினையும் ஒரு சர்வரே சரிபார்க்கும் டொமைன் நெட்வொர்க் என்றால், சர்வர் நேரத்திலிருந்து 5 நிமிடத்துக்கு மேல் விலகினாலே லாகின் தகராறு செய்யும்.

பெரும்பாலான டெஸ்க்டாப்களில் சிஆர்2032 என்ற 3 வோல்ட் காயின் பேட்டரிதான். பவர் கேபிளைக் கழற்றிவிட்டு, பிளஸ் பக்கம் மேலே வரும்படி மாற்றுங்கள். பயாஸ் (கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) செட்டிங்குகள் அழிந்துபோகலாம். அவற்றை முன்பே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் போட்டிருந்தால் ரெக்கவரி கீ கையில் இல்லாமல் பேட்டரியைத் தொட வேண்டாம்.