எஸ்டிமேட் சீட்டு பில் ஆகுமா?

வாசகர் கேள்வி – பதில்: கடை, பில், உரிமை

கே: மதுரையில் ஒரு கடையில் டேபிள் டாப் கிரைண்டர் வாங்கினேன். பன்னிரண்டாம் நாளே மோட்டார் சூடாகி நின்றுவிடுகிறது. கடைக்காரர், "கம்பெனி சர்வீஸுக்குப் போங்கம்மா, விற்ற பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்கிறார். கையில் இருப்பது ‘எஸ்டிமேட்’ என்று போட்ட சீட்டு மட்டும்தான். என்ன செய்வது? – வாசகி, மானாமதுரை

ப: முதலில் அந்தச் சீட்டை எடுத்துப் பாருங்கள். முறையான பில்லில் வரிசை எண், தேதி, கடையின் ஜி.எஸ்.டி. எண் இருக்கும். அந்த எண், எழுத்தும் இலக்கமும் கலந்து மொத்தம் 15 இடம் கொண்டது. தமிழ்நாட்டுக் கடை என்றால் 33 என்று தொடங்கும். இவை இல்லாதது விலை சொன்ன துண்டுச்சீட்டு. அதற்காக மனம் தளர வேண்டாம். ஜிபேயில் பணம் கட்டிய பதிவு, கடை முத்திரை குத்திய வாரண்டி அட்டை, பெட்டியிலும் மிஷினிலும் உள்ள சீரியல் எண், கடைக்காரரோடு நடந்த வாட்ஸ்அப் பேச்சு எல்லாமே சான்றுதான். பில் கேட்டு வாட்ஸ்அப்பிலேயே ஒரு வரி அனுப்பிவிடுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி பில் தர மறுப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை.

‘திரும்ப எடுக்க மாட்டோம்’ என்ற வாசகத்துக்கும் அதே சட்டத்தில் பதில் இருக்கிறது. குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் நியாயமற்ற நடைமுறைதான். உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது, வாய்ப்பேச்சில் கழித்துவிடாதீர்கள். பழுது என்ன, என்றைக்குத் தெரிந்தது, உங்களுக்கு மாற்றுப் பொருள் வேண்டுமா பணம் வேண்டுமா என்று ஒரு பக்கத்தில் எழுதி, 15 நாள் கெடு வைத்து, கடைக்கும் கம்பெனிக்கும் ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

இதற்கிடையில் மெக்கானிக் வீட்டுக்கு வருவார். பாதிப் பேர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். அவர் நீட்டும் ஜாப் ஷீட்டில் ‘பழுது சரிசெய்யப்பட்டது’ என்றோ ‘தண்ணீர் உள்ளே போயிருக்கிறது’ என்றோ எழுதியிருக்கும். நாம் காபி கொடுத்துவிட்டுக் கையெழுத்தும் போட்டுவிடுவோம். அரிசியோ உளுந்தோ போட்டு, வழக்கமாக அரைக்கும் நேரம் முழுக்க ஓடவிட்டுப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். சரியாகவில்லை என்றால் ‘பழுது நீங்கவில்லை’ என்று உங்கள் கையால் எழுதிக் கையெழுத்திட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாரண்டி அட்டையின் அசலைக் கொடுத்தனுப்பாதீர்கள்.

எதற்கும் மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியலாம். அவர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை. கம்பெனியோடு பேசி முடித்துத் தரப் பார்ப்பார்கள். பெரிய கம்பெனி என்றால் பல நேரம் இதிலேயே முடிந்துவிடும். அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை மதுரையில் இருந்தாலும் நீங்கள் மானாமதுரைக்காரர் என்பதால் சிவகங்கை மாவட்ட ஆணையத்திலேயே மனுப் போடலாம்; குடியிருக்கும் இடத்தில் வழக்குத் தொடுக்க 2019 சட்டம் இடம் தருகிறது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். எதிர்மனுதாரராகக் கடை, கம்பெனி இரண்டையும் சேருங்கள். ஒருவரை விட்டால் மற்றவர் அவரைக் கைகாட்டித் தப்பிக்கப் பார்ப்பார். 3 மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம், பரிசோதனை தேவைப்பட்டால் 5 மாதம். நடப்பில் அதையும் தாண்டி இழுக்கும். அதனால்தான் கடிதத்தை ஒழுங்காக எழுதச் சொல்கிறோம். அதிலேயே முடிந்தால் அலைச்சல் மிச்சம்.

கே: மகள் கல்யாணத்துக்கு 2 பவுன் சங்கிலி எடுக்கிறோம். "பில் வேண்டாம்னா 3 பர்சென்ட் மிச்சம்ணே" என்கிறார்கள். எடுக்கலாமா? – வாசகர், உசிலம்பட்டி

ப: வேண்டாம். கணக்கைப் பாருங்கள். 16 கிராம் சங்கிலிக்கு 12 சதவீதம் சேதாரம் என்றால் 1.92 கிராம், 8 சதவீதம் என்றால் 1.28 கிராம். இடையில் நிற்பது 640 மில்லி தங்கம். அதே சங்கிலிக்கு அவர்கள் மிச்சம் என்று சொல்லும் அந்த 3 சதவீத ஜி.எஸ்.டி. மொத்தமும் சேர்ந்து ஏறத்தாழ 540 மில்லிக்குத்தான் சமம். தெற்காவணி மூல வீதியில் நாலு கடை ஏறி இறங்கிச் சேதாரத்தைக் குறைத்தாலே அதைவிட அதிகம் மிஞ்சும். பில்லும் கையில் இருக்கும். சேதாரத்துக்கு அரசு உச்சவரம்பு எதுவும் வைக்கவில்லை. பேரம் பேச வேண்டிய இடம் அதுதான்.

நகையில் மூன்று முத்திரைகளை லென்ஸ் வைத்துப் பாருங்கள்: பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முக்கோணம், 22கே916 என்ற தரக்குறி, எழுத்தும் எண்ணும் கலந்த 6 இலக்க எச்.யு.ஐ.டி. (ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரும் அடையாள எண்). 2023 ஏப்ரல் 1 முதல் எச்.யு.ஐ.டி. உள்ள ஹால்மார்க்தான் செல்லும். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த 6 இலக்கத்தை அடித்தால் நகையின் வகையும் தரமும் வரும். கையில் சங்கிலி இருக்க, செயலி ‘மோதிரம்’ என்றால் நகையை அங்கேயே வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். ஹால்மார்க் கட்டணம் எடை எதுவானாலும் உருப்படிக்கு 45 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். கல் வைத்த நகை என்றால் கல் எடையைக் கழித்த நிகர எடை பில்லில் தனியாக இருக்க வேண்டும். தங்க விலைக்குக் கல்லை வாங்கி வந்தவர்கள் ஏராளம். பின்னால் தரம் குறைவு என்று தெரிந்தால், குறைந்த தரத்துக்கு உண்டான தொகையைப் போல் இரு மடங்கும் சோதனைக் கட்டணமும் கேட்க விதி இருக்கிறது. பில் இல்லாமல் அதை யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

கே: பஸ் ஸ்டாண்டில் 20 ரூபாய் கூல்டிரிங்ஸை 25-க்கு விற்று, ‘கூலிங் சார்ஜ்’ என்கிறார்கள். – வாசகர், மேலூர்

ப: அப்படி ஒரு சார்ஜ் சட்டத்தில் இல்லை. எம்.ஆர்.பி. என்பது எல்லா வரியும் அடங்கிய உச்ச விலை. உட்கார வைத்துப் பரிமாறும் ஹோட்டல்களுக்கு மட்டும் 2017-இல் உச்ச நீதிமன்றம் விலக்குத் தந்தது. பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடை அந்தக் கணக்கில் வராது. எம்.ஆர்.பி., எடை, பாக்கெட் விவரம் பற்றிய புகார்களைத் தமிழ்நாட்டில் பார்ப்பது தொழிலாளர் துறை. பாட்டிலின் விலை தெரியும் படம், கடைப் பலகை, பணம் கட்டிய பதிவு மூன்றும் இருந்தால் புகார் நிற்கும்.

கே: ஸ்வீட் கடையில் அட்டைப்பெட்டியோடு எடை போடுகிறார்கள். கேட்டால் முறைக்கிறார்கள். – வாசகி, திருமங்கலம்

ப: முறைக்கட்டும். காலிப் பெட்டியைத் தட்டில் வைத்து, ‘டேர்’ பட்டனை அழுத்தி, எண் பூஜ்ஜியத்துக்கு வந்த பிறகு ஸ்வீட்டை அடுக்கச் சொல்லுங்கள். கிலோ 600 ரூபாய் ஸ்வீட்டில் பெட்டி 100 கிராம் என்றால், அட்டைக்கு 60 ரூபாய் கொடுக்கிறீர்கள். தராசில் முத்திரை இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள். எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் மறு முத்திரை வேண்டும். சான்றிதழையும் கடையில் பார்வைக்கு வைத்திருக்க வேண்டும். (மல்லிகைப்பூ முழத்துக்கு முத்திரை உண்டா என்று கேட்காதீர்கள். கை நீளமான பூக்காரம்மாவாகப் பார்த்து வாங்குவது ஒன்றுதான் வழி.)

கே: ஆசையாக எடுத்த சுங்குடிச் சேலை முதல் தண்ணீரிலேயே சாயம் போய்விட்டது. மாற்றித் தருவார்களா? – வாசகி, வாடிப்பட்டி

ப: அரக்கு, கருநீலம் மாதிரி அழுத்தமான நிறம் முதல் அலசலில் கொஞ்சம் விடுவது உண்டு, அதைக் குறை என்று வாதிட முடியாது. சாயம் வெள்ளைப் புள்ளிகளில் ஏறித் திட்டுத்திட்டாகப் பிடித்திருந்தால் அது குறை. மறுபடி நனைக்காமல், லேபிளை வெட்டாமல், பில்லோடு போய்க் கேளுங்கள். லேபிளில் ‘டிரை வாஷ் மட்டும்’ என்று இருந்து, நீங்கள் வாஷிங் மெஷினில் போட்டிருந்தால் வழக்கு நிற்காது. கலர் பிடிக்கவில்லை என்று மாற்றுவது வேறு விஷயம். அது கடையின் விருப்பம், சட்டம் கட்டாயப்படுத்தாது.

கே: பில் போட மொபைல் நம்பர் கட்டாயமா? – வாசகர், ஒத்தக்கடை

ப: இல்லை. நம்பர் கேட்டு வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே அறிவுறுத்தியிருக்கிறது. ‘கம்ப்யூட்டர் ஏத்துக்காது’ என்றால் மேனேஜரைக் கூப்பிடச் சொல்லுங்கள். பெரும்பாலும் உடனே ஏற்றுக்கொண்டுவிடும். பில் வந்ததும் அதைப் படம் எடுத்துவிடுங்கள். அந்த வழவழப்புக் காகிதத்தில் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும், வாரண்டியோ ஒரு வருடம் ஓடும்.