நீலத்தாளில் தெற்கு நோக்கிய யன்னல்

அன்புள்ள ஐயா,

ஹற்றன் நகரின் ஓரத்தில், எங்கள் தாத்தா வாங்கிய பழைய வீட்டில் இருக்கிறோம். பரணைத் துப்புரவு செய்தபோது வெள்ளைக் கோடுகளால் வரையப்பட்ட மூன்று நீலத் தாள்கள் கிடைத்தன. ஆண்டு 1912, அளவு ஓர் அங்குலத்துக்கு 8 அடி. தெற்கிலும் மேற்கிலும் பெரிய யன்னல்களோடு வரையப்பட்டிருக்கும் முன்னறைதான் எங்களுக்கு இன்றும் தொல்லை. வைகாசி பிறந்தால் மழை உள்ளே அடிக்கிறது. ஆவணி வரை சுவர் காய்வதில்லை. அந்தப் பக்கத்தை இடித்துவிடும்படி மேசன் சொல்கிறார். படம் வரைந்தவர் பிழை விட்டாரா? தாள்களைச் சட்டம் போட்டு மாட்டலாமா?

ஹற்றனிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கி நீண்ட நேரம் பார்த்தேன். கோடுகளில் பிழை எதையும் நான் காணவில்லை. வரைந்தவர் மனத்தில் வைத்திருந்த சூரியனும் மழையும் இங்கிலாந்தினுடையவை என்றே எண்ணுகிறேன்.

அங்கே 1903 இல் தொடங்கிய லெச்வேர்த் தோட்ட நகரத்தையும் 1907 இல் தொடங்கிய ஹாம்ஸ்டெட் தோட்டப் புறநகரையும் திட்டமிட்ட கட்டடக் கலைஞர்கள் ரேமண்ட் அன்வினும் பாரி பார்க்கரும், குடும்பம் கூடியிருக்கும் அறைக்கு வெயில் கிடைக்க வேண்டும் என்பதை வலியுறுத்தி வந்தார்கள். லண்டனில் மார்கழி நண்பகலில் சூரியன் தெற்கு அடிவானத்திலிருந்து 15 பாகை அளவுக்குத்தான் எழும்புகிறது; ஆகையால் முன்னறையைத் தெற்குக்குத் திருப்பி, உணவுப்பண்டம் வைக்கும் அறையை வடக்கின் குளிர்ச்சிக்கு விடுவது அங்கே மிகவும் பொருத்தமான ஏற்பாடு. உங்கள் தரைத்திட்டத்தின் வடதிசைக் குறியைப் பாருங்கள். அதே ஒழுங்குதான் இருக்கிறது.

ஹற்றனோ இலங்கை மலையகத்தில், வட அகலக்கோடு 7 பாகையை ஒட்டியிருக்கும் ஊர். மார்கழியிலும் நண்பகற் சூரியன் 60 பாகை உயரத்தில் நிற்கும். சித்திரை முதல் ஆவணி நடுப்பகுதி வரை அது நம் தலைக்கு வடக்கே போய்விடும். அந்த மாதங்களில் தெற்கு யன்னலுக்கு நண்பகல் வெயிலே கிடையாது. கிடைப்பது தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவந்து அறையும் மழை. லண்டனில் ஆண்டு முழுவதும் பெய்வது ஏறக்குறைய 600 மில்லிமீற்றர். உங்களுக்கு அருகிலுள்ள வட்டவளையில் 5,000 மில்லிமீற்றருக்கும் அதிகம். குறுக்குவெட்டுப் படத்தில் கூரையின் தாழ்வாரம் சுவரைத் தாண்டி ஓர் அடிகூட நீளவில்லை. உங்கள் சுவர் காயாததற்கு அதையே முதற் காரணமாகச் சொல்வேன்.

குசினிக்குப் பின்னால், வேலையாளுக்கென்று 8 அடிக்கு 7 அடியில் ஒரு சிற்றறை இருக்கிறது. அதற்கு யன்னலே வரையப்படவில்லை. தேயிலைத் தோட்டங்களில் ஒரு தொழிலாளர் குடும்பம் முழுவதும் சமைத்து, உண்டு, உறங்கிய லயக் காம்பிராவின் வழக்கமான அளவு 10 அடிக்கு 12 அடி என்பதை அறிந்த எனக்கு, வெயிலைக் குறித்து இத்தனை கவலைப்பட்ட ஒரு கை அந்த மூலையில் மட்டும் அக்கறையற்றுப் போனது வேதனை தருகிறது. உங்கள் தாள்களைப் பாதுகாக்க வேண்டும் என்று நான் கேட்பதற்கு அந்த மூலையும் ஒரு காரணம்.

சட்டம் போட்டு மாட்ட வேண்டாம். 1842 இல் ஜோன் ஹேர்ஷல் கண்டுபிடித்த முறையில் எடுக்கப்படும் இந்த நீலப்படிகள் வெளிச்சம் பட்டால் மங்கும்; இருட்டில் வைத்தால் நிறம் ஓரளவு மீளும். சுண்ணாம்பு போன்ற காரப் பொருள் நீலத்தையே அழித்துவிடும் என்பதால், வெள்ளையடித்த சுவரில் சாய்த்து வைப்பதும் கூடாது. பிளாஸ்டிக் உறையிட்டு ஒட்டிவிடாதீர்கள். முதலில் நல்ல ஒளிப்படம் எடுத்து, பிறகு தாள்களைச் சுருட்டாமல், ஈரமில்லாத அலுமாரியில் தட்டையாக வையுங்கள்.

மேசனிடம் ஒளிப்படத்தின் பிரதியைக் கொடுங்கள். அளவுநாடாவோடு வீட்டைச் சுற்றி நடந்து, படத்திலிருந்து வீடு எங்கெல்லாம் மாறியிருக்கிறது என்பதைப் பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள். சுவரை இடிப்பதற்கு முன், யன்னல்களுக்கு மேலே கூரையை 3 அடி வெளியே இறக்கி, ஒரு தென்மேற்குப் பருவம் முழுவதும் பொறுத்துப் பாருங்கள்.