வௌவாலையும் காட்டுப்பன்றியையும் ஒரே கணக்கில் சேர்க்கலாமா?

கேள்வி: குமுளி மலையடிவாரத்தில் எனக்கு இரண்டு ஏக்கர் நிலம் உண்டு. கொய்யாவை வௌவால் தின்கிறது. நிலக்கடலையைக் காட்டுப்பன்றி உழுது போடுகிறது. எல்லை தாண்டினால், கேரளத்தில் பன்றியைச் சுட உள்ளாட்சித் தலைவர்களே அனுமதி தருகிறார்கள். வௌவாலையும் அப்படி ஒழித்தால் என்ன?
– வாசகர் ஒருவர், கூடலூர், தேனி மாவட்டம்

பதில்: விடியற்காலையில் தோட்டத்துக்குள் நுழையும்போது இரண்டு இழப்பும் ஒன்றுபோலவே வயிற்றெரிச்சலைத் தரும். ஆனால் குனிந்து தரையைப் பாருங்கள். கொய்யா மரத்தடியில் சிறு சிறு சக்கை உருண்டைகள் கிடக்கும். பழந்தின்னி வௌவால் பழத்தை மென்று, நாக்கால் மேலண்ணத்தில் வைத்து அழுத்திச் சாற்றை உறிஞ்சிக்கொண்டு நாரைத் துப்பிவிடுகிறது. அது தேடி வருவது பெரும்பாலும் பழுத்ததைத்தான். கடலைக் காட்டிலோ செடிகள் வேரோடு மல்லாந்து கிடக்கும். பன்றி தின்றதைவிடக் கிளறிப் பாழாக்கியதே அதிகம்.

இதைவிடப் பெரிய வேறுபாடு இனப்பெருக்கத்தில் இருக்கிறது. இறக்கையை விரித்தால் நான்கு அடி அகலம் இருக்கும் பெரிய பழந்தின்னி வௌவால், ஏறத்தாழ ஐந்து மாதம் சுமந்து ஆண்டுக்கு ஒரே குட்டிதான் போடும். காட்டுப்பன்றி நான்கு மாதத்துக்குள் நான்கு முதல் ஆறு குட்டிகள் வரை ஈனும். ஆகவே, சுட்டுக் குறைத்த பன்றிக் கூட்டம் விரைவில் பெருகிவிடும். ஓர் ஆலமரத்து வௌவால்களை அழித்துவிட்டால் அந்த மரம் பல ஆண்டுகள் வெறுமையாகவே நிற்கும்.

அந்த வெறுமை உங்கள் மாவட்டத்தைத்தான் முதலில் தாக்கும். போடி, கடமலைக்குண்டுப் பக்கத்து இலவ மரங்கள் இரவில் பூப்பவை. தேன் குடிக்க வரும் வௌவால்களின் முகத்தில் ஒட்டிக்கொண்டுதான் மகரந்தம் மரம் விட்டு மரம் போகிறது. பஞ்சு விற்கும் ஊர் வௌவாலைப் பகையாக எண்ணுவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. உலகிலேயே மிக அரிய பழந்தின்னிகளுள் ஒன்றான சாலிம் அலி வௌவால் 1948-இல் முதன்முதலாகப் பிடிபட்டதும் உங்கள் மேகமலையில்தான். அது தனி இனம் என்பது 1972-இல்தான் தெரியவந்தது.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் பழந்தின்னி வௌவால்களை எலி, காக்கையோடு சேர்த்துத் தீங்குயிர் அட்டவணையில், அதாவது தடையின்றிக் கொல்லத்தக்கவற்றின் பட்டியலில், வைத்திருந்தது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த அட்டவணையையே நீக்கிவிட்டது. கேரளத்து அனுமதியும் உங்கள் பக்கம் செல்லாது; பன்றித் தொல்லைக்கு வனத்துறையையே அணுக வேண்டும். அவுட்டுக்காய் என்னும் வெடிமருந்து உருண்டையை இரையாக வைப்பதும், வேலியில் வீட்டு மின்சாரத்தைப் பாய்ச்சுவதும் மனித உயிரையும் பறிப்பவை. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். கொய்யாவுக்குக் காய்ப்பருவத்திலேயே பை கட்டலாம். வலை போட்டால், வௌவால் சிக்கிக்கொள்ளாதபடி சிறு கண் உள்ளதாக எடுத்து இழுத்துக் கட்டுங்கள்.

கேள்வி: வௌவால் கடித்த பழத்தை வீட்டுப் பன்றிக்குப் போடலாமா?
– வாசகி ஒருவர், கம்பம்

பதில்: கூடாது. 1998–99-இல் மலேசியாவில் வௌவாலிடமிருந்து பண்ணைப் பன்றிகளுக்கும், அவற்றிடமிருந்து மனிதருக்கும் நிபா என்னும் வைரஸ் நோய் பரவி நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கேரளத்தில் 2018-இல் கோழிக்கோட்டில் அந்நோய் தலைகாட்டியது. கடிபட்ட பழத்தை வெறுங்கையால் தொடாமல் குழியில் புதைத்துவிடுங்கள். நல்ல பழத்தைக் கழுவித் தோல் சீவி உண்ணுங்கள்.