படத்துக்கு வயது எழுபது, போஸ்டருக்கு?

வாசகர் கேள்வி – பதில்

(பழைய சினிமா போஸ்டர்கள் குறித்து வந்த கடிதங்களுக்கு, சிவகாசி லித்தோ (தகட்டில் வரைந்து அச்சடிக்கும் முறை) அச்சகம் ஒன்றில் பிளேட் தயாரிக்கும் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற போஸ்டர் சேகரிப்பாளர் பதில் சொல்கிறார்.)

பழைய பொருள் வியாபாரி ஒருவரிடம் ‘பராசக்தி’ போஸ்டர் இருக்கிறது. 1952-ல் படம் வெளியானபோது அச்சடித்த அசல் என்கிறார். நன்றாகப் பழுப்பேறியிருக்கிறது. மேலே ‘பத்மஸ்ரீ சிவாஜி கணேசன்’ என்றும், அடியில் சென்னை சாந்தி தியேட்டர் என்றும் இருக்கிறது. நம்பி வாங்கலாமா?
– வாசகர், மதுரை

வாங்குங்கள், ஆனால் 1952-க்கு உரிய விலையைக் கொடுத்துவிடாதீர்கள். சென்னை அண்ணா சாலையில் சாந்தி தியேட்டர் திறக்கப்பட்டது 1961-ல். சிவாஜிக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது 1966-ல். அப்படியிருக்க, இந்தப் போஸ்டர் 1966-க்கு முன் மெஷின் ஏறியிருக்க வழியே இல்லை. படம் மீண்டும் திரைக்கு வந்தபோது அடித்தது இது.

வியாபாரி ஏமாற்றுகிறார் என்று சொல்ல மாட்டேன். படம் வந்த வருடத்தையே போஸ்டரின் வருடமாக எடுத்துக்கொள்வது இந்தத் தொழிலில் ஊறிப்போன பழக்கம். அந்தக் காலத்தில் ஒரு படம் முதலில் நகரத்தில் ஓடும், பிறகு சிற்றூர்களுக்குப் போகும், அதன் பிறகு டூரிங் டாக்கீஸ்களைச் சுற்றும். சில வருடங்கள் கழித்துப் பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ‘புத்தம் புதிய காப்பி’ என்று மறுபடியும் வரும். கையிருப்புத் தீர்ந்தால் விநியோகஸ்தர் புதிதாக அடிக்கச் சொல்வார். ஒரே படத்துக்கு இருபது, முப்பது வருட இடைவெளியில் அச்சான போஸ்டர்கள் இன்று ஒரே கட்டுக்குள் கிடைப்பது இதனால்தான்.

வயது பார்க்க நான் கைக்கொள்வது ஒரே ஒரு விதி. போஸ்டரில் உள்ள அடையாளங்களில் காலத்தால் மிகப் பிந்தியது எதுவோ, அதைத்தான் நம்ப வேண்டும். பழைய அடையாளம் எத்தனை இருந்தாலும் புதிய அடையாளம் ஒன்று அவற்றையெல்லாம் தள்ளிவிடும். உங்கள் ஊர் தங்கம் தியேட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். அது 1952 தீபாவளிக்குப் ‘பராசக்தி’யோடு திறந்த தியேட்டர். போஸ்டரில் தங்கம் என்று இருந்தால் 1952 என்று சொல்ல ஆசையாக இருக்கும். ஆனால் தங்கம் அதற்குப் பின்னும் பல்லாண்டு நடந்தது. பெயர் பொருந்துகிறது என்பது வேறு, வருடம் உறுதியாகிறது என்பது வேறு.

இந்த விஷயத்தில் நட்சத்திரங்களின் பட்டங்கள் பெரிய உதவி. சிவாஜிக்குப் பத்ம பூஷண் 1984-ல் வந்தது, செவாலியே 1995-ல். எம்.ஜி.ஆர். பெயருக்கு முன் ‘புரட்சி நடிகர்’ என்றிருந்தால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ‘புரட்சித் தலைவர்’ என்றிருந்தால் அது 1972 அக்டோபரில் அ.தி.மு.க. தொடங்கிய பின் அச்சானது. 1956-ல் வந்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ போஸ்டரில் ‘புரட்சித் தலைவர்’ என்று போட்டு, அதைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டி, ‘முதல் வெளியீடு’ என்று கீழே எழுதி வைத்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

மறுவெளியீட்டுப் போஸ்டர் போலி அல்ல. அதுவும் அச்சகத்தில் அடித்து, சுவருக்குப் போவதற்காகப் பிறந்த தாள்தான். அதன் வயதை உள்ளபடி சொல்லி விற்கட்டும், வாங்கட்டும்.

‘தில்லானா மோகனாம்பாள்’ போஸ்டரில் எழுத்தைப் பார்த்தே வயது சொல்லலாம் என்று நண்பர் சொல்கிறார். எப்படி?
– வாசகி, திருநெல்வேலி

உங்கள் நண்பர் விவரம் தெரிந்தவர். தலைப்பிலேயே இரண்டு ‘னா’ இருக்கிறது. படம் வந்த 1968-ல் ‘னா’ எழுதும்போது பக்கத்தில் தனியாகத் துணைக்கால் போட மாட்டார்கள். எழுத்தின் வால் கீழே இறங்கிச் சுழிந்து ஒட்டி நிற்கும். ‘லை’, ‘னை’ போன்றவற்றுக்கு மேலே யானைத் துதிக்கை போல ஒரு சுழி வளைந்திருக்கும். 1978-ல் எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிட்ட பிறகே இன்றைய வடிவம் பரவலாயிற்று. எனவே 1968 அசல் என்று சொல்லப்படும் போஸ்டரில் துணைக்கால் போட்ட ‘னா’ இருந்தால் கையை எடுத்துவிடுங்கள்.

இதைத் திருப்பிப் போட்டுப் பார்க்கக் கூடாது. பழைய வடிவம் இருக்கிறது என்பதாலேயே 1978-க்கு முந்தியது ஆகிவிடாது. தலைப்பு எழுதும் ஓவியர்களின் கை அரசாணைக்காக ஒரே நாளில் மாறவில்லை. 1980-களிலும் பழைய சுழியையே போட்டவர்கள் உண்டு. மறுவெளியீட்டுக்குப் பழைய தலைப்பையே நகலெடுப்பதும் சகஜம். இன்னொன்றும் உண்டு: பெரியாரின் ‘குடிஅரசு’ 1935-லேயே சீர்திருத்த எழுத்தில் வரத் தொடங்கிவிட்டது. இயக்கத்தோடு தொடர்புடைய பழைய துண்டறிக்கைகளில் புதிய எழுத்தைக் கண்டால் உடனே போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். எதைப் பார்ப்பது?
– வாசகர், கோவை

முகத்தைப் பார்க்காதீர்கள், எழுத்தைப் பாருங்கள். எல்லோரும் லென்ஸை முதலில் கதாநாயகி கன்னத்தில்தான் வைக்கிறார்கள். அசலிலும் புகைப்படத்திலிருந்து எடுத்த பகுதிகளில் புள்ளிகள் இருக்கும் என்பதால் அங்கே குழப்பம்தான் மிஞ்சும்.

பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் போதும். கறுப்பில் இருக்கும் ஒரு பெயரின் ஓரத்தில் வையுங்கள். அசலில் அந்த எழுத்து முழுக்க ஒரே மையாக, திட்டாக இருக்கும்; ஓரம் வெட்டினாற்போல் நிற்கும். பழைய போஸ்டரை ஸ்கேன் செய்து ஆஃப்செட்டில் அடித்திருந்தால், கறுப்பு என்று நினைத்த எழுத்தின் ஓரத்தில் நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளிகள் வட்டம் வட்டமாகச் சேர்ந்திருக்கும். இங்க்ஜெட் என்றால் புள்ளிகள் ஒழுங்கில்லாமல் தெளித்த மாதிரி கிடக்கும்.

அடுத்து ஒரே நிறமாக உள்ள பின்னணிக்கு வாருங்கள். எங்கள் காலத்து லித்தோவில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பிளேட். அதில் ஓவியரே கையால் வரைவார். வரைவதற்கு முன் துத்தநாகத் தகட்டின் மேல் மணலும் தண்ணீரும் போட்டுக் கோலிக்குண்டுகளை உருட்டிச் சொரசொரப்பாக்குவோம். கிரேயான் அந்தச் சொரசொரப்பில்தான் பிடிக்கும். அதனால் நிழல் விழும் இடங்களில் லென்ஸுக்குத் தெரிவது அளவெடுத்து வைத்த புள்ளி வரிசை அல்ல, பொடிப்பொடியான, ஒன்றுபோல் ஒன்று இல்லாத மணல் மணலான தடம். ஒரு நிறம் இன்னொன்றின் மேல் அரை மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்து, உதட்டோரத்தில் சிவப்புக் கோடு கசிந்திருப்பதையும் காணலாம். அந்தத் தடத்தைக் கண்டால் எனக்கு இன்றும் மை வாசனையே வந்துவிடும்.

லென்ஸ் இல்லையென்றால் விரல் இருக்கிறது. மடிப்புக் கோடு கண்ணுக்குத் தெரிகிறதா? அதன் மேல் விரலை ஓட்டுங்கள். விரலுக்குத் தட்டுப்படாத மடிப்பு, அச்சில் வந்த மடிப்பு. கிழிசல்களும் அப்படியே. பெரிய போஸ்டர்களைப் பல ஷீட்டுகளாக அடித்துச் சுவரில்தான் சேர்த்து ஒட்டுவோம். அந்தச் சேர்ப்புக் கோடுகளோடு சேர்த்துச் சுருக்கி ஒரே தாளில் அடித்து விற்பவர்களும் இருக்கிறார்கள்.

அடி ஓரத்தையும் விட்டுவிடாதீர்கள். அச்சகத்தின் பெயரும் ஊரும் போட வேண்டும் என்று, 2024 வரை நடப்பில் இருந்த 1867-ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. அந்த வரியில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தியது. ஆங்கிலத்தில் மெட்ராஸ் போய்ச் சென்னை என்று வந்திருந்தால் 1996-க்குப் பிந்தியது. தமிழில் அதற்கு வெகு முன்பிருந்தே சென்னை என்று எழுதிவந்ததால் தமிழ் வரியை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

அறுபதுகளின் போஸ்டர் என்று வாங்கியதில் தணிக்கைக் குறி ‘யு/ஏ’ என்று இருக்கிறது. சரியா?
– வாசகர், சேலம்

சரியில்லை. அந்தப் பிரிவு 1983-ல்தான் வந்தது. அதற்கு முன் ‘யு’, ‘ஏ’ இரண்டும்தான்.

வெளிச்சத்தில் வைத்துத் தாளின் வயதைக் கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகி, புதுச்சேரி

ஓரளவுக்கு முடியும். வெண்மை கூட்டும் ரசாயனம் கலந்த தாள் புற ஊதா விளக்கின் கீழ் நீலம் கலந்த வெள்ளையாக ஒளிரும். அந்த ரசாயனம் தாள் ஆலைகளில் பரவியது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. ஆக, 1930-களின் போஸ்டர் என்று சொல்லப்படுவது பளீரென்று ஒளிர்ந்தால் பேச்சுக்கு இடமில்லை. ஒளிராவிட்டால் அதற்காகப் பழையது என்று கொள்ள முடியாது. அந்த ரசாயனம் சேராத மட்ட ரகத் தாள் எந்தக் காலத்திலும் ஒளிராது.

பழுப்பு நிறத்தை மட்டும் நம்பவே நம்பாதீர்கள். தேயிலைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்தால் ஒரே இரவில் ஐம்பது வயது ஏறிவிடும். காலத்தால் வரும் பழுப்பு ஓரத்தில் கூடுதலாகவும் நடுவில் குறைவாகவும் இருக்கும். கட்டின் உள்ளே இருந்த தாள் வெளித்தாளைவிட வெளுப்பாக இருக்கும். நனைத்த தாளில் முன்னும் பின்னும் ஒரே நிறம், இல்லாவிட்டால் தண்ணீர் தேங்கிய வளையம்.

தாத்தா வைத்திருந்த சினிமாப் பாட்டுப் புத்தகங்களில் பலவற்றின் அட்டையில் வருடமே இல்லை. வழி உண்டா?
– வாசகர், காரைக்குடி

விலையைப் பாருங்கள். அணா என்றால் 1957 ஏப்ரலுக்கு முந்திய பதிப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நயா பைசா என்றால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. வெறும் பைசா என்றால் அதற்கும் பின்.

உங்கள் பக்கத்து ஊரான கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்துவைத்த நூல்களும் இதழ்களும் இன்று சென்னையில் அவர் பெயரிலான ஆராய்ச்சி நூலகத்தில் இருக்கின்றன. பாட்டுப் புத்தகங்களும் அங்கே உண்டு. உங்கள் பிரதிகளை அவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். போஸ்டர் வைத்திருப்பவர்கள் வெளியீட்டு வாரத்து நாளிதழ் விளம்பரத்தையும் தேடிப் பார்க்கலாம். தியேட்டர் பட்டியல் அதிலேயே இருக்கும்.

அசல் என்று உறுதியான போஸ்டரை லேமினேட் செய்யலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

கூடாது. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாளுக்குச் சேதமில்லாமல் பிரிக்க முடியாது. செல்லோடேப்பும் வேண்டாம், அதன் பசை சில வருடங்களில் பழுப்புக் கறையாக உள்ளே இறங்கிவிடும். மைதாப் பசையில் துணி ஒட்டி வைத்தால் பூச்சி வரும். மடிப்பை விரித்துத் தட்டையாக, அமிலமில்லாத தாள்களுக்கு நடுவே, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள். பின்புறம் பழைய பசையோ சுண்ணாம்போ ஒட்டியிருந்தால் சுரண்டி எடுக்காதீர்கள். அது ஒரு காலத்தில் சுவரில் இருந்ததற்கான சாட்சி, வயது பார்க்க வருபவருக்கு அதுவும் வேண்டும்.